இடது பேடில்

ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால், விரல் எட்டும் தூரத்தில், இரண்டு தகடுகள். வலப்பக்கத் தகட்டை நம் பக்கம் இழுத்தால் கியர் ஏறும். இடப்பக்கத் தகட்டை இழுத்தால் இறங்கும். பேடில் என்கிறார்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார்களில் இவை இல்லாத காரைப் பார்ப்பது அரிது. ஒரே உலோகம், ஒரே நீளம், இழுத்தால் ஒரே ‘டிக்’. இவற்றைத் தொடாமலும் ஓட்டலாம். லீவரை டி-யில் தள்ளிவிட்டால் கார் தானே கியர் போட்டுக்கொள்ளும். அந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலரும் பெரும்பாலான நேரம் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

எது உசத்தி என்ற வாக்குவாதம் இருபது ஆண்டுகளாக நடக்கிறது. பேடிலைத் தொடாதவன் காரை ஓட்டவில்லை, காரில் உட்கார்ந்து போகிறான் என்பது ஒரு கட்சி. கம்ப்யூட்டர் உன்னைவிடச் சரியாகப் போடும், நீ எதற்கு இடையில் என்பது மறு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு பேடிலையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை. கியரை எப்போது ஏற்றுவது என்று தீர்மானிக்கத் தேவையான தகவல் முழுக்கக் காருக்குள்ளேயே இருக்கிறது. எப்போது இறக்குவது என்பதற்கான தகவல் காருக்கு வெளியே, இன்னும் வந்து சேராத வளைவில் இருக்கிறது. ஆகவே வலது பேடிலை எந்திரத்திடம் ஒப்படைக்கலாம். இடது பேடிலை ஒப்படைக்கக் கூடாது.

இதை விளங்கச் சொல்ல அந்தக் கியர்பாக்ஸின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். நாம் பழகிய மேனுவல் காரில் ஒரே ஒரு கிளட்ச். மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்து, மூன்றை விடுவித்து, நான்கைக் கோத்து, கிளட்சை விட வேண்டும். அந்த இடைவெளியில் சக்கரங்களுக்கு இழுவை கிடையாது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகியவை ஒரு ஷாஃப்டிலும் இரண்டு, நான்கு, ஆறு இன்னொரு ஷாஃப்டிலும் இருக்கின்றன. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் தனிக் கிளட்ச். மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறு ஷாஃப்டில் நான்காம் கியர் கோக்கப்பட்டுக் காத்திருக்கும். அதன் கிளட்ச் மட்டும் திறந்திருக்கும். மாற்றும் நேரம் வந்ததும் ஒரு கிளட்ச் விலகிக்கொண்டே வர, மற்றது பிடித்துக்கொண்டே வரும். நிறைகுடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றும் பெண்ணின் கைப்பழக்கம் அது. இழுவை ஒரு துளியும் சிந்துவதில்லை.

இந்த யோசனை இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1939-இல் இதை முன்வைத்தார். ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னனின் கார்க் கொட்டகைக்குத் தலைமை தாங்கியவர். பனியில் சிக்காமல் போக, பின்சக்கரங்களுக்குப் பதில் பட்டைகள் ஓடும் வண்டியைக் கண்டுபிடித்தவர். சித்ரோயன் நிறுவனம் சகாராவைக் கடந்தது அந்தப் பட்டை வண்டிகளில்தான். அவருடைய இரட்டைக் கிளட்ச் மட்டும் உற்பத்திக்குப் போகவில்லை. 1943-இல் இறந்துவிட்டார். இரண்டு கிளட்சுகளை மில்லிசெகண்ட் துல்லியத்தோடு ஆட்டுவிக்க அன்றைக்கு ஒரு மூளை இல்லை. மின்னணுக் கட்டுப்பாடு வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

வந்தபோது அதை எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் போர்ஷே. 1980-களில் வைசாக்கிலிருந்த அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் 956, 962 பந்தயக் கார்களில் இதைப் பொருத்திச் சோதித்தார்கள். காரணம் சௌகரியம் இல்லை. அந்தக் கார்களில் இருந்தவை டர்போ எஞ்சின்கள். கியர் மாற்ற ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணமே டர்போவின் அழுத்தம் விழுந்துவிடும். மறுபடி மிதித்தாலும் அது எழும்ப நேரம் பிடிக்கும். காலை எடுக்காமலே கியர் மாறினால் அழுத்தம் விழாது. கியர்பாக்ஸ் கனமாக இருந்தது, அடிக்கடி பழுதானது. ஆனாலும் 1986-இல் இத்தாலியின் மோன்சா ஓடுதளத்தில் ஹான்ஸ் யோஆகிம் ஸ்டுக்கும் டெரெக் பெல்லும் அந்தக் கியர்பாக்ஸோடு உலகப் பந்தயம் ஒன்றை வென்றார்கள். சாலைக்கு அதை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது 2003-இன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32. போர்ஷே தன் 911-இல் பிடிகே என்ற பெயரோடு வைத்தது 2008-இல்.

காத்திருப்பது நான்காம் கியர் என்றேன். ஏன் நான்கு? இரண்டாகவும் இருக்கலாமே? இரண்டும் நான்கும் ஒரே ஷாஃப்டில்தான் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கோத்து வைக்க முடியும். மூன்றில் போய்க்கொண்டிருக்கும் ஓட்டுநர் அடுத்து ஏறப்போகிறாரா, இறங்கப்போகிறாரா என்பதைக் கியர்பாக்ஸ் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். ஆக்சிலரேட்டர் அழுந்தியிருக்கிறது, வேகம் கூடுகிறது என்றால் நான்கைக் கோக்கும். கால் விலகிவிட்டது, பிரேக் விழுகிறது என்றால் இரண்டைக் கோக்கும். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது. தவறும்போது என்ன ஆகும்? முழு மிதியில் நான்கு தயாராக இருக்கையில் நீங்கள் இடது பேடிலை இழுத்தால், அது நான்கை விடுவித்து இரண்டைக் கோத்த பிறகே கிளட்சை மாற்ற முடியும். விரலுக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் நடுவே ஒரு சின்னத் தயக்கம். ஸ்டாப்வாட்சில் அது ஒன்றுமே இல்லை. ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.

அந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த எந்திரத்தைப் பற்றிய மிக முக்கியமான உண்மை அதில் வெளிப்படுகிறது. வேகத்துக்குப் பேர்போன இந்தக் கியர்பாக்ஸ், தன் வேகம் முழுவதையும் ஓர் ஊகத்தின் மேல் கட்டி வைத்திருக்கிறது. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று ஓயாமல் ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2011-இல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி காரில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருந்தது. பேடிலைப் பாதி மட்டும் அழுத்தினால் கியர் மாறாது. மாற்றப்போகிறேன் என்று முன்னறிவிப்பு போகும், கியர்பாக்ஸ் தயாராகிக்கொள்ளும். முழுக்க அழுத்தினால் மாறும். எந்திரத்தின் ஊகத்துக்கு மனிதனின் ஒரு சொல் துணை வேண்டும் என்று அதைச் செய்த எஞ்சினியர்களே கருதியிருக்கிறார்கள்.

இனி டி நிலையைப் பற்றி. அதை மட்டமாகப் பேசுகிறவர்களில் பலர் பழைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கின் சோம்பலை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இன்றைய பிடிகே வேறு ஜாதி. ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதோடு எவ்வளவு விரைவாக அழுந்தியது, எவ்வளவு விரைவாக விலகியது என்பதையும் பார்க்கிறது. வெடுக்கென்று காலை எடுத்தால், முன்னால் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கியரை ஏற்றாமல் பிடித்து வைக்கிறது. கார் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று அளந்து, வளைவின் நடுவில் கியர் மாற்றி வண்டியைக் குலுக்காமல் இருக்கிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஒவ்வொரு கியராக இறங்குகிறது. இறங்கும்போது எஞ்சினைத் தானே ஒரு முறை உறுமவிட்டு வேகத்தைப் பொருத்திக்கொள்கிறது. குதிகாலை ஆக்சிலரேட்டரிலும் முன்பாதத்தை பிரேக்கிலும் வைத்து அதைச் செய்யப் பழக நமக்கெல்லாம் எத்தனையோ காலம் பிடித்தது.

கியர் ஏற்றுவதில் மனிதன் அதற்கு இணையே இல்லை. யோசித்துப் பாருங்கள், கியர் ஏற்றத் தேவையான அறிவு என்ன? எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, அடுத்த கியரில் எத்தனை சுற்றுக்கு விழும், அங்கே இழுவை இதைவிடக் கூடுதலா குறைவா, டயர் பிடித்திருக்கிறதா வழுக்குகிறதா, எண்ணெய் எவ்வளவு சூடு. இவற்றில் ஒன்றுகூடச் சாலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் சென்சார் இருக்கிறது. 2008-இன் 911 கரேரா மேனுவலில் 4.9 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது, பிடிகேயில் 4.7. ஸ்போர்ட் பிளஸ் பொத்தானும் அதன் புறப்பாட்டு ஏற்பாடும் சேர்ந்தால் 4.5. எரிபொருளும் மேனுவலைவிடக் குறைவு. நேர்ச்சாலையில் வலது பேடிலை இழுத்துக்கொண்டிருப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. விரல் இழுக்க, முதுகில் ஒரு தள்ளு விழ, சத்தம் ஒரு படி இறங்கி மறுபடி ஏறுவது இனிமையான விஷயம். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அப்பால் அங்கே நம்மால் ஆகிற காரியம் எதுவும் இல்லை.

இறக்குவது வேறு கதை. ஜெர்மனியின் கருங்காட்டு மலைமுகட்டில் பி500 என்று ஒரு சாலை, பேடன்-பேடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை ஓடுகிறது. இருபுறமும் ஊசியிலை மரங்கள், அடர்த்தியான நிழல். ஒரு 911-இல் பேடன்-பேடன் பக்கம் அதில் இறங்கி வந்தபோது பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர், டி நிலை. இறக்கம் என்பதால் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டியிருக்கவில்லை. எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கியர்பாக்ஸ் ஏழாம் கியருக்குப் போய்விட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குப் பக்கத்தில், அரைத் தூக்கத்தில். முன்னால் சாலை வலப்பக்கம் மடிகிறது. மடிப்பு எவ்வளவு இறுக்கம் என்பது சாலையைப் பார்த்தால் தெரியவில்லை. மரங்களின் வரிசையைப் பார்த்தால் தெரிகிறது. மரங்கள் விலகாமல் நேராக முகத்துக்கு வருகின்றன. அப்படியானால் இறுக்கமான வளைவு. அதைத் தாண்டி சாலை மறுபடி ஏறுகிறது என்பதையும் மரங்களின் உச்சிகள் சொல்கின்றன. இவ்வளவையும் கண் ஒரு நொடிக்குள் கூட்டிக் கழித்துவிடுகிறது. காருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அதன் கணக்கில் இது ஓர் இறக்கம், ஒரு சோம்பலான கால், அவ்வளவுதான்.

பேடிலைத் தொடாமல் விட்டால் நடப்பது இது. வளைவுக்கு முன் பிரேக்கை மிதிக்கிறேன்; அது கண்டுகொண்டு ஆறு, ஐந்து என்று இறங்குகிறது. வளைவுக்குள் பிரேக்கை விட்டுத் திரும்புகிறேன். வெளியே வரும்போது ஏற்றத்துக்காக ஆக்சிலரேட்டரை அழுத்துகிறேன். இப்போதுதான் அதற்கு என் தேவை தெரிகிறது. மூன்றாம் கியரைத் தேடி இறங்குகிறது. வண்டி இன்னும் முழுக்க நிமிராத நேரத்தில், பின்சக்கரங்களில் இழுவை திடீரென்று கூடுகிறது. நல்ல கார் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனாலும் அது நடக்க வேண்டிய இடம் அதுவல்ல. அடுத்த வளைவில் மரங்களைப் பார்த்த மாத்திரத்தில் இடது பேடிலை அடுத்தடுத்து இழுத்து மூன்றுக்கு வந்துவிட்டேன். எஞ்சின் விழித்துக்கொண்டது. சுற்று 3500-ஐத் தாண்டியது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தத் தொடங்கியதால் பிரேக்கை லேசாகத் தொட்டதே போதுமாக இருந்தது. வளைவின் நடுவில் எந்த மாற்றமும் இல்லை. வெளியே வந்து மிதித்ததும் இழுவை ஏற்கெனவே அங்கே இருந்தது.

ஸ்போர்ட் பிளஸ்ஸில் போட்டிருந்தால் அது தானே மூன்றில் இருந்திருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஓடுதளத்தில் அந்த நிலை அருமையாக வேலை செய்கிறது. அங்கே ஒவ்வொரு பிரேக்கும் ஒரு வளைவுக்காக. ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் முழு மிதி. பிரேக்கைப் பார்த்து ஊகித்தால் போதும், ஊகம் பிசகாது. சாலையில் பிரேக்குக்கு நூறு காரணங்கள். முன்னால் ஒரு டிராக்டர் குறுக்கே வருகிறது. கொண்டை ஊசி வளைவு வருகிறது. இரண்டுக்கும் என் கால் ஒரே அழுத்தத்தில்தான் பிரேக்கை மிதிக்கும். முதலாவதற்குப் பிறகு நின்று, வழிவிட்டு, மெல்லக் கிளம்பப்போகிறேன். இரண்டாவதற்குப் பிறகு ஏறப்போகிறேன். பிரேக் அழுத்தத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இந்த வித்தியாசம் அந்த அளவில் இருக்காது.

லாரியை முந்துவதும் இப்படித்தான். எதிர்ப்பாதை காலியாகும்வரை பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கியர்பாக்ஸ் என்னை நிதானமான ஆள் என்றே நினைக்கும். உயர்ந்த கியரில் வைத்திருக்கும். பாதை திறந்ததும் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தால், அடியில் உள்ள சுவிட்சைத் தொட்டு, தடாலென்று மூன்று கியர் இறங்கிப் பாய்கிறது. பாய்ச்சல் வருவதற்குள் திறந்த இடத்தில் கொஞ்சம் செலவாகிவிடுகிறது. எதிரே வரும் கடைசி வண்டி கடந்துபோகும்போதே இடது பேடிலை இழுத்து வைத்திருந்தால், வெளியே எடுக்கும் முன்பே இழுவை தயார்.

வரைபடம் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ரோல்ஸ் ராய்ஸ் 2013-இல் தன் ரெய்த் காரில் செயற்கைக்கோள் வழிகாட்டியோடு கியர்பாக்ஸை இணைத்தது. வரப்போகும் வளைவு அதற்கு முன்னமே தெரியும். போர்ஷேயும் தன் பெரிய கார்களில் வரைபடத்தைக் கொண்டு வேகத்தையும் கியரையும் ஒழுங்குசெய்யும் ஏற்பாட்டைத் தருகிறது. என் வாதத்துக்கு எதிரான பலமான சான்று இது. ஆனால் வரைபடத்துக்கு வளைவு தெரியும். வளைவில் நேற்றைய மழையில் அடித்து வந்த மண் தெரியாது. அதைவிட முக்கியம், அந்த வளைவை நான் எப்படிக் கடக்க விரும்புகிறேன் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. பக்கத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு விதமாகவும் தனியாக ஒரு விதமாகவும் அதே வளைவை அதே மனிதன் கடப்பான்.

ஓடுதளத்திலும் ஊகம் போதாத இடங்கள் உண்டு. நூர்புர்க்ரிங்கின் வடக்கு வளையம் ஏறக்குறைய 20.8 கிலோமீட்டர் நீளம். மலைக்கும் காட்டுக்கும் நடுவே ஓடும் பழைய ஓடுதளம். அங்கே பயிற்றுநர் ஒருவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் ஒரு சுற்று போயிருக்கிறேன். ஃபுக்ஸ்ரோரே என்ற இடம் குழாய்க்குள் விழுவது போன்ற இறக்கம். அடியில் உடலெல்லாம் இருக்கையில் அழுந்தும். உடனே ஏற்றம். ஏறினால் அடெனாவர் ஃபோர்ஸ்ட் என்ற இடது-வலது மடிப்பு, கடைசிவரை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் வலது விரல்கள் சும்மா இருந்தன. கார் தன் போக்கில் கியரை ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில், மடிப்பு தென்படுவதற்கு முன்பே, இடது நடுவிரல் அடுத்தடுத்து அசைந்தது. அவருக்கு அங்கே எதுவும் தெரியவில்லை, ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தைக் காருக்குச் சொல்ல அவரிடம் இருந்த ஒரே வழி அந்தத் தகடுதான்.

பேடில் என்பது கட்டளை இல்லை, விண்ணப்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் தாங்காத வேகத்தில் இடது பேடிலை இழுத்தால் கியர்பாக்ஸ் மறுத்துவிடும். சில கார்களில், நம் விருப்பப்படி ஓட்டும் நிலையிலும் சுற்று எல்லையைத் தொட்டால் தானே மேல் கியருக்குப் போய்விடும். டி நிலையில் இருந்துகொண்டே பேடிலைத் தொட்டால், சில வினாடிகள் நம் பேச்சைக் கேட்டுவிட்டு மறுபடி தன் போக்குக்குத் திரும்பும். இதை வைத்துத்தான் மேனுவல் பிரியர்கள் பேடிலை விளையாட்டுச் சாமான் என்றார்கள். 2013-இல் போர்ஷே தன் 911 ஜிடி3-ஐ பிடிகேயோடு மட்டும் வெளியிட்டபோது எழுந்த கோபம் சிறிதல்ல. 9000 சுற்று ஓடும் எஞ்சின். பந்தயக் காருக்கு மிக நெருங்கிய சாலைக் கார். அதில் கிளட்ச் மிதி இல்லை. 2016-இல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் காரை 991 எண்ணிக்கையில் செய்தார்கள். அதன் விலை மறுவிற்பனையில் பல மடங்கு ஏறியது. 2017-இன் ஜிடி3-இல் மேனுவல் திரும்பி வந்தது.

அந்தக் கோபத்தில் எனக்கு மரியாதை உண்டு. இடது காலும் வலது கையும் சேர்ந்து கற்ற ஒரு கைத்தொழில் அது. அது போனால் இழப்புதான். ஆனால் மேனுவலில் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கியரை மாற்றும் திறமை ஒன்று. எந்த கியர், எங்கே என்ற தீர்ப்பு மற்றொன்று. இரட்டைக் கிளட்ச் முதலாவதை எடுத்துக்கொண்டது. இரண்டாவதை எடுக்கவில்லை; பேடிலில் விட்டுவைத்திருக்கிறது. அதையும் டி-க்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு கார் உயிரற்றது என்று குறைப்படுவது சரியில்லை. அந்த ஜிடி3-ஐச் செய்தவர்கள் பேடிலின் அசைவைச் சுருக்கினார்கள். நடு லீவரின் திசையையும் திருப்பி வைத்தார்கள்: இறக்க முன்னால் தள்ள வேண்டும், ஏற்றப் பின்னால் இழுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் போகிறது, கையும் அதே திசையில் போகட்டும் என்பதற்காக. தீர்ப்பு மனிதனுடையது என்று நம்பியவர்களுக்குத்தான் இந்தக் கவலை வரும். ஒப்பிட்டால், 2008-இல் பிடிகேயோடு வந்த ஸ்டியரிங்கில் இருபுறமும் முன்னால் தள்ளினால் ஏற்றம், பின்னாலிருந்து இழுத்தால் இறக்கம் என்று பொத்தான்கள் இருந்தன. வலக்கையும் இடக்கையும் ஒரே வேலையைச் செய்யும். ஓட்டியவர்கள் அதை ஏற்கவில்லை. பிறகு வலது ஏற்ற, இடது இறக்க என்று பேடில்களே வந்துவிட்டன. நல்ல முடிவு.

பேடில் பிறந்த இடமான ஃபார்முலா ஒன்னும் இந்த வழக்கை ஒருமுறை விசாரித்திருக்கிறது. ஜான் பர்னார்ட் 1989-இல் ஃபெராரி 640 காருக்கு அதை வைத்தார். கியர் லீவரும் அதன் தண்டும் போனால் ஓட்டுநர் அறையை ஒடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த ஆண்டின் முதல் பந்தயத்தை, பிரேசிலில், நைஜல் மான்செல் அந்தக் காரில் வென்றார். சில ஆண்டுகளில் தானே கியர் மாற்றும் கார்களும் வந்தன. 1994-இல் அவை தடை செய்யப்பட்டன, 2001-இல் அனுமதிக்கப்பட்டன, 2004-இல் மறுபடி தடை செய்யப்பட்டன. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. உலகின் மிகத் திறமையான எந்திரக்காரர்கள் கூடும் இடத்தில், கியர் எப்போது என்பதை ஓட்டுநரின் விரல்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. கார் அதைச் செய்ய முடியாததால் அல்ல, செய்ய முடிந்ததால்தான் தடுத்தார்கள்.

பேடிலை எங்கே பொருத்துவது என்பதில் ஒரு தகராறு உண்டு. ஃபெராரி ஸ்டியரிங் தண்டில் அசையாமல் பொருத்துகிறது, நிஸான் ஜிடி-ஆரிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் இடது பேடில் தன் இடத்திலேயே இருக்கும். போர்ஷேயில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். கை எங்கே போனாலும் பேடில் கையோடு வரும். வளைவுக்கு முன்பே இறக்கிவிடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2023-இல் ஹூண்டாய் அயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. அதில் மாற்றுவதற்குக் கியர்களே இல்லை. ஆனாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில்கள். இழுத்தால் எட்டு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் போலவே மோட்டாரின் இழுவையை வெட்டியும் கூட்டியும் காட்டுகிறது. பலர் இதைப் பாசாங்கு என்று ஒதுக்கினார்கள். இதை எளிதில் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கியர் இல்லாவிட்டாலும், வளைவுக்கு முன் இடது விரல் எதையோ காரிடம் சொல்ல விரும்புகிறது. அதைக் கேட்டுக்கொள்ள ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். சொல்வதைக் கேட்டு வண்டியின் வேகத்தை அது உண்மையிலேயே பிடித்துத் தருமானால், அந்தப் பேடிலுக்கு வேலை இருக்கிறது.

இதெல்லாம் கோடிக்கணக்கில் விலைபோகும் கார்களின் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 2021-இல் உருவாகத் தொடங்கிய ஹூண்டாய் ஐ20 என் லைனிலும் ஏழு கியர் இரட்டைக் கிளட்சும் இரண்டு பேடில்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் விர்டஸிலும் டைகனிலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்கள் இல்லைதான், ஆனால் ஷாஃப்ட், கிளட்ச், ஊகம் எல்லாம் அதே கதை. வாங்கி ஆண்டுக்கணக்கில் ஆகியும் பேடிலைத் தொட்டதே இல்லை என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். டி-யில் போட்டு, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும்வரை மிதிக்கிறார்கள். இறங்கும்போது இரண்டாம் கியர் என்று பேருந்து ஓட்டுநர்கள் காலம்காலமாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு, கியர் தானாக விழுகிற வண்டிக்குத் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். வண்டிக்கு இறக்கம் தெரியலாம், இன்னும் எத்தனை வளைவு பாக்கி என்பது தெரியாது.

உங்கள் காரில் அந்தத் தகடு இருந்தால், அடுத்த முறை மலை இறங்கும்போது முதல் வளைவுக்கு முன்பே லீவரை, கியரை நாமே மாற்றும் எம் நிலைக்கு மாற்றுங்கள். டி-யில் வைத்து இழுத்தால் சில வினாடிகளில் அது பழையபடி ஏறிவிடும். இடது பேடிலை இழுத்து இரண்டாம் கியருக்கு வாருங்கள். எஞ்சின் சத்தம் கூடும். பயப்பட வேண்டாம், அது வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம். அடிவாரம் வந்து சாலை நேரானதும் மறுபடி டி-யில் போட்டுவிடுங்கள், ஏற்றுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்.